சின்ன போர்டே போதும்

"சின்ன போர்டே போட்டுடு பாப்பா" என்று முனீர் சொன்னபோது, கைனாத் அவருடைய வலது கைச் சுண்டுவிரலுக்கு நகம் வெட்டி முடித்திருந்தாள். அடுத்த கையைப் பிடிக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை. ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் நகம் வெட்டிக் குளித்துவிட வேண்டும் என்பது அவர் நன்றாக நடமாடிய காலத்துப் பழக்கம். பள்ளிவாசலுக்குப் போக முடியாமல் போன பிறகும் அதை விடவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் ஒரு காகிதத்தை விரித்துக்கொண்டு கையை நீட்டுவார். மகள் வெட்டுவாள். விழுந்த நகத்தைக் காகிதத்தோடு மடித்து, வாசலில் இருக்கும் செம்பருத்திக்கு அடியில் புதைத்துவிட்டு வருவாள். மனுஷன் உடம்பிலிருந்து விழுந்தது கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது என்பார் முனீர்.

"எந்த போர்டுத்தா?" தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"அதாம்மா, ரெண்டே ரெண்டு ஸ்லாட்டு கீதே, அந்தச் சின்னது." இருமல் வந்தது. அடங்கும்வரை காத்திருந்து, "இன்னிக்கே வாங்கினு வந்துடு" என்றார்.

தாம்பரத்தில் முனீரின் வேனில் ஏறாத ஸ்கூல் பிள்ளைகள் அந்தப் பக்கத்துத் தெருக்களில் குறைவு. முகூர்த்த நாளில் கல்யாணப் பார்ட்டி, லீவு நாளில் மகாபலிபுரம். இடது தொடை எலும்பில் கட்டி என்று சொல்லி, முழங்காலுக்கு மேலே காலை எடுக்க வேண்டும் என்றபோது, பார்க்க வந்து அழுதவர்களுக்கெல்லாம் அவரே ஆறுதல் சொன்னார். "கிளட்ச் காலுதான் போவுது. பிரேக்கு காலு அப்படியே கீது. இன்னாத்துக்கு அழுவுறே?" ஆனால் கிளட்ச் இல்லாத வேனுக்கு எங்கே போவது? வண்டியை விற்றார்கள். அதை ஓட்டிக்கொண்டு போனவன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றவர், அதன் பிறகு ரொம்ப நாள் வாசல் பக்கமே போகவில்லை.

முடிச்சூர் ரோட்டில் அப்பாதுரையின் கம்ப்யூட்டர் கடையில் கைனாத்துக்கு வேலை. பில் போடச் சேர்ந்தவள், வருகிற கஸ்டமரின் கையிருப்புக்குத் தக்கபடி பார்ட்ஸ் பொறுக்கி, தானே அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாரே என்று ஒருநாள் அத்தாவை ஆட்டோவில் கடைக்கு அழைத்துப் போனாள். அன்றைக்கு ஒரு பணக்காரப் பையனுக்காகப் பூட்டிய மெஷின் டெஸ்டிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் லாரி ஓட்டுகிற கேம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் சரக்கை ஏற்றி இன்னோர் ஊரில் இறக்க வேண்டும். கிளட்ச் கிடையாது. அம்புக்குறி போட்ட நாலு பட்டன்தான் வண்டி.

முனீர் உட்கார்ந்தார். ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினார். எதிரே வருகிறவனுக்கு டிம் அடிக்க எந்தப் பட்டன் என்று அப்பாதுரையைக் கேட்டார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் தண்ணீர் வழிய, வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. பட்டனை விட்டுவிட்டு அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், லாரி நேராகப் போய் ஒரு மரத்தில் இடித்து நின்றது. "பேஜாராப் பூட்ச்சே!" என்று சிரித்தார். காலை எடுத்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கைனாத் பார்த்தாள்.

மறுநாள் அந்த மெஷின் பையன் வீட்டுக்குப் போய்விட்டது. ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் முயன்று பார்த்தார். அங்கே ரோடு விக்கி விக்கி வந்தது. மழை வரவே இல்லை. மழையைக் காட்டுவதற்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும், அத்தா என்றாள் கைனாத். அப்படியா, நாமே ஒன்று பூட்டிவிடுவோம் என்றார். அப்படி ஆரம்பித்தது ஒரு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

கடையில் வாராவாரம் புது விலை அடித்த தாள் வரும். அதில் ஒன்றை கைனாத் வீட்டுக்குக் கொண்டுவருவாள். முனீர் அதை வைத்துக்கொண்டு ராமில் குறைத்து கார்டில் சேர்ப்பார். கார்டில் குறைத்து ராமில் சேர்ப்பார். வேன் விற்ற காசில் இதற்கென்று ஒதுக்கியதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கைவைக்கப் பார்ப்பார். "எல்லாத்துக்கும் கரெண்ட் குடுக்குற பெட்டித்தா அது. மட்டமாப் போட்டா மொத்தத்தையும் சேத்து எரிச்சிடும்" என்று அவள் சண்டைக்கு வருவாள். சரி போ என்று விட்டுவிடுவார். ஆனால் போர்டு விஷயத்தில் மட்டும் அவரிடம் பேச முடியாது. ராம் செருக நாலு ஸ்லாட் உள்ள பெரிய மதர்போர்டுதான் வேண்டும்.

"உங்க கேமுக்கு ரெண்டு ஸ்லாட்டே ஜாஸ்தித்தா."

"இன்னிக்கு ஜாஸ்தி. நாளைக்கு? வேன்ல எக்ஸ்ட்ரா பெஞ்சு போட்டு ஓட்னவன் நானு. நாளைக்கு ஒரு ஆள் ஏறுனா, மடியிலயா குந்த வெப்பே? காலியா இருந்தா பின்னாடி போட்டுக்கலாம்."

எல்லாம் தேர்ந்தாகிவிடும். வாங்கலாமா என்று கேட்டால், "அவசரப்படாதே, இன்னும் ரெண்டு மாசத்துல விலை குறையும்" என்பார். தப்பும் இல்லை. இந்த வியாபாரத்தில் எதுவும் குறையத்தான் குறையும். ஆனால் குறைகிற சமயத்தில் அதைவிட நல்லது ஒன்று புதிதாக வந்து நிற்கும். அதன் விலை குறையட்டும் என்று மறுபடி உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் பூட்டுகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் குழியில்தான் விழுவார்கள். முனீரோ அந்தக் குழியிலேயே குடியேறிவிட்டார். யாரோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்த பழைய மானிட்டர் மட்டும் கொள்ளை மலிவாகக் கிடைத்து, வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு எதிர்மேஜையில் மனைவி ஜஹீராவின் பழைய புடவைத் துண்டைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தது.

அப்புறம் கட்டி நெஞ்சுக்கு ஏறியது.

டாக்டர் அதை கைனாத்திடமும் சாச்சாவிடமும்தான் சொன்னார். வைத்தியத்துக்கு இனி இடமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சாச்சா ஜமீர் முனீரின் தம்பி. பல்லாவரத்தில் பிரியாணிக்கடை வைத்திருப்பவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணனுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அப்பவே பாதி உசுரு பூடும். சளின்னு சொல்லு" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குச் சளி என்றுதான் பெயர். ஜஹீரா சளிக்குக் கஷாயம் போட்டாள். முனீரும் வருகிறவர்களிடம், "சளிதான், வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

கைனாத்துக்கு அதற்குமேல் ஒரு சங்கடம் இருந்தது. கடை கையில் இருக்கிறது. சாயங்காலம் வரும்போது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து பூட்டி, அவர் ஆசைப்பட்ட மழையைக் காட்டிவிடலாம். ஆனால், ஒரு வருடமாக விலை குறையட்டும் என்று உட்கார்ந்திருக்கிறவருக்கு, இருந்த விலைக்கே வாங்கிக்கொண்டு வந்து வைத்தால் என்ன அர்த்தம்? முனீர் அவ்வளவு விவரம் கெட்டவர் இல்லை. கொடுத்தால் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் பார்க்காமலேயே போய்விடுவார். நாளுக்கு நாள் கன்னம் ஒட்டிக்கொண்டே போன முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, "ஆமாத்தா, குறையும். பொறுத்துப் பாப்போம்" என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டு மோட்டார் போடுகிற சாக்கில் பின்பக்கம் போய் அழுவாள்.

இப்போது அவரே சொல்கிறார், இன்றைக்கே வாங்கு என்று. அதுவும் சின்ன போர்டு.

"விலை குறையட்டும்னு சொன்னீங்களேத்தா?"

"பொறுத்த வரைக்கும் போதும்."

"நாலு ஸ்லாட்டு வேணும்னு..."

"அதெல்லாம் இன்னாத்துக்கும்மா? அதுல மிச்சம் புடிச்சு கார்டுல போடு. மழ வரணும். அவ்ளோதான்."

கைனாத் நிமிரவில்லை. அவர் மடியில் கிடந்த போன வார விலைத்தாளில் நகத்துணுக்குகள் சிதறிக் கிடந்தன. கடையில் எத்தனையோ பேருக்கு போர்டு விற்றிருக்கிறாள். அடிமட்ட விலைக்குக் கேட்கிறவன்கூட, "பின்னாடி ஏத்திக்கலாம் இல்ல?" என்று கேட்காமல் போனதில்லை. பின்னாடி வேண்டாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"கைனா" என்றார் முனீர். பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "இங்க பாரு."

அவள் பார்க்கவில்லை. காகிதத்தை நான்காக மடித்தாள். "கடை தொறக்குற நேரம்த்தா. போயிட்டு ஓடி வந்துடறேன்."

"இந்தக் கை?" இடது கையை நீட்டினார்.

"வந்து வெட்டுறேன்த்தா."

மடித்த காகிதத்தை மானிட்டருக்குப் பின்னால் செருகிவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் நகவெட்டி உள்ளங்கையிலேயே இருப்பது தெரிந்தது.

அப்பாதுரை அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து, ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். லீவு போட்டவள் வந்து நிற்பதைப் பார்த்துப் பயந்துபோய், "அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"கம்ப்யூட்டர் கேக்குறாரு சார். இன்னிக்கே."

அவர் ஊதுபத்தியைச் செருகிவிட்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்த மெஷினின் ஒவ்வொரு பார்ட்டும் அவருக்கு மனப்பாடம். ப்ராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், கேபினெட், கைனாத் சண்டை போட்டு நிலைநாட்டிய நல்ல எஸ்.எம்.பி.எஸ்., அப்புறம் மழை காட்டுகிற கார்டு. கடைசியாக பெரிய போர்டை எடுத்தார்.

"சின்னது போதுமாம் சார்."

அப்பாதுரையின் கை நின்றது. அவருக்கும் தொழில் இதுதான். "யாரு, முனீர் பாயா சொன்னாரு?"

அவள் தலையாட்டினாள். அவர் சின்ன போர்டையும் எடுத்து, பெரியதன் பக்கத்தில் வைத்துவிட்டு, வெளியே போய் வேண்டாத ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு அட்டைப்பெட்டிகள். சின்னதை எடுத்துக்கொண்டு போனால், ஆமாம் அத்தா, எனக்கும் தெரியும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அதற்கப்புறம் என்ன பேசுவது? யார் முதலில் அழுவது? அவளால் முடியாது. அந்த முகத்தைப் பார்த்து அதை ஒப்புக்கொள்ள அவளால் முடியவே முடியாது. கைனாத் பெரிய போர்டை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"பெருசையும் போட்டு, அந்தக் கார்டையும் போட்டா, கணக்கு இடிக்குமே சார். எல்லா விலையும் அவருக்கு அத்துப்படி."

அப்பாதுரை உள்ளே வராமல் பெஞ்சைப் பார்த்தே சொன்னார். "இன்னிக்கு விலை குறைஞ்சிடுச்சுன்னு சொல்லு."

வீட்டுக்கு வந்தபோது முனீர் சரிந்து படுத்திருந்தார். மூச்சுக்கு நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. போன ஒன்றரை மணி நேரத்தில் இன்னும் கொஞ்சம் கரைந்திருந்த மாதிரி இருந்தது. ஜஹீரா முதுகுக்குத் தலையணை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். "நீ போனதிலேர்ந்து வாசலையேதான் பாத்துக்கினு இருக்காரு" என்றாள்.

கைனாத் கட்டிலுக்கு எதிரே தரையில் பாயை விரித்து, பெட்டிகளைப் பிரித்தாள். போர்டைக் கடைசியில் பிரிக்கலாம் என்று பார்த்தாள். ஆனால் அசெம்பிள் பண்ண ஆரம்பிப்பதே அதிலிருந்துதான். பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி, அவர் பார்க்கட்டும் என்று தூக்கிக் காட்டினாள்.

முனீர் பார்த்தார். கண் ஸ்லாட்டுகள் மேல் போய் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"விலை குறைஞ்சிடுச்சுத்தா" என்றாள் கைனாத். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. "நேத்துதான் குறைஞ்சுதாம். கார்டும் குறைஞ்சிடுச்சு. நீங்க சொன்ன காசுக்குள்ளயே பெரிய போர்டு வந்துடுச்சு."

அப்புறம் அவர் போர்டைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்த அந்த முகத்தில் காலையில் இருந்த ஏதோ ஒன்று மெதுவாகப் பின்வாங்கியது. பிறகு சிரித்தார்.

"பாத்தியா? பொறுத்தா குறையும்னு சொன்னேன்ல?"

"ஆமாத்தா."

"நாலு ஸ்லாட்டு. நல்லதாப் போச்சு." மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு காலியா இருக்கட்டும். பின்னாடி போட்டுக்கலாம்."

கைனாத் சட்டென்று குனிந்துகொண்டாள். ப்ராசசரை அதன் இடத்தில் வைத்துக் கம்பியை அழுத்தினாள். விசிறியைப் பூட்டினாள். ராம் இரண்டையும் ஒவ்வொன்றாக வைத்து இரண்டு பக்கமும் அழுத்த, டக்கென்று உட்கார்ந்தன. ஸ்க்ரூவை முடுக்க முடுக்கக் கண்ணை மறைத்தது. தோளிலேயே துடைத்துக்கொண்டாள்.

முனீர் பின்னாலிருந்து சூப்பர்வைசர் வேலை பார்த்தார். "அந்த ஸ்க்ரூ லூசாக் கீது பாரு." சிறிது நேரம் கழித்து, "ஒயர அப்படித் தொங்கவுடாதே, ஒரு ஓரமாக் கட்டு" என்றார். அப்புறம் பேச்சு குறைந்தது.

தெருவில் ஆண்கள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டர்கள் கிளம்பிப் போயின. கொஞ்சத்தில் தெரு காலியாயிற்று. தூரத்தில் தொழுகைக்கு முந்திய பயான் பேச்சு ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது.

கேபினெட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்து, புடவைத் துண்டை உருவிவிட்டு மானிட்டரில் ஒயரைச் செருகி, சுவிட்சைத் தட்டினாள். விசிறி சுற்றியது. திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. "வந்துடுச்சுத்தா!" என்றாள். "ம்" என்றார். விண்டோஸ் சிடியைப் போட்டாள். இன்னும் இத்தனை நிமிடம் என்று ஓரத்தில் காட்டியது. அந்தக் கணக்கை எந்தக் காலத்திலும் நம்ப முடியாது. ஐந்து நிமிடம் என்ற இடத்திலேயே கால் மணி நேரம் நிற்கும். லாரி கேம் சிடியை எடுத்துத் துடைத்துத் தயாராகக் கீபோர்டு பக்கத்தில் வைத்தாள். இது முடிந்ததும் அதைப் போட வேண்டும். போட்டவுடனே மழை வராது. கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் வரும். அதுவரைக்கும் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, கீபோர்டை மடியில் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

திரை நீலத்தில் ஒரு கட்டம் காட்டி நின்றது. இந்தக் கம்ப்யூட்டர் யாருடையது, பெயர் என்ன என்று கேட்டது.

"அத்தா, உங்க பேரப் போடட்டுமா?"

பதில் இல்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்து, "அத்தா, முனீர்னு போடவா, முனீர் பாய்னு போடவா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

ஜஹீரா அவருடைய காதருகே குனிந்து கலிமா சொல்லிக்கொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எப்போது சொல்ல ஆரம்பித்தாள் என்று கைனாத்துக்குத் தெரியவில்லை. முனீரின் கண் திரைப் பக்கம் திறந்திருந்தது. நெஞ்சு தூக்கிப் போடவில்லை. ஜஹீரா சொல்லி முடித்துவிட்டு, கையால் மெல்ல அந்தக் கண்களை மூடினாள்.

தெருவில் ஒரு ஆண் இல்லை. இரண்டு பெண்கள் மட்டும் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கரில் தொழுகை ஆரம்பித்து, நடந்து, முடியும்வரை ஜஹீரா கணவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கைனாத் பாயில் போர்டு வந்த அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

தொழுகை முடிந்து, அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த ஜமீர் சாச்சா வாசலிலேயே செருப்போடு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்தவர் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மவுத், நல்ல மவுத், சாயங்காலம் அஸர் தொழுததும் எடுத்துவிடலாம் என்று போன் மேல் போன் போட்டார். வீடு நிறைந்தது. பெண்கள் யாசீன் ஓத உட்கார்ந்தார்கள். திரை இன்னும் பெயர் கேட்டுக்கொண்டே நீலமாக எரிந்துகொண்டிருந்தது. யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். சாச்சா வந்து தணிந்த குரலில், "அத நிறுத்தும்மா" என்றார். கைனாத் சுவிட்சை அணைத்தாள். விசிறி கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றது.

கொல்லைப்புறத்தில் நாலு பக்கமும் படுதா கட்டி மய்யித்தைக் குளிப்பாட்டக் கொண்டுபோனார்கள். பள்ளிவாசல் மோதினார் வந்திருந்தார். உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சாச்சா படுதாவை விலக்கி வெளியே வந்தார். சட்டைக் கை முழுக்க நனைந்திருந்தது.

"கைனாத், அண்ணனுக்கு ஒரு கையில நகம் வெட்டி கீது, ஒரு கையில அப்படியே கீதே?"

"வந்து வெட்டுறேன்னு சொன்னேன் சாச்சா."

கைப்பையைத் தேடி எடுத்து, அதிலிருந்த நகவெட்டியை நீட்டினாள். சாச்சா வாங்கவில்லை. படுதாவுக்குள்ளேயிருந்து மோதினாரின் குரல் வந்தது. "மவுத்துக்கு அப்பறம் வெட்டக் கூடாதும்மா. அப்படியே போவட்டும்."

கபன் துணி சுற்றி, பன்னீர் தெளித்து, முகம் மட்டும் தெரிய நடுவீட்டில் வைத்தார்கள். கைனாத் கடைசியாகப் பார்த்தாள். வெள்ளைத் துணிக்குள் இடது கை எந்தப் பக்கம் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அப்பாதுரை வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, மற்ற ஆண்களோடு சுவரோரமாக நின்றார். மேஜையில் பக்கப் பலகை மூடாமல் திறந்து கிடந்த கேபினெட்டையும் அதில் காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டுகளையும் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியபோது பெண்கள் கேட் வரைதான் போனார்கள். அதற்குமேல் போகிற வழக்கமில்லை. தோள் மாற்றித் தோள் மாற்றி, ஆண்கள் தெருமுனை திரும்பினார்கள். வேனை விற்ற அன்று முனீர் நின்று பார்த்ததும் அந்த முனையைத்தான்.

உள்ளே வந்ததும் ஜஹீரா கட்டிலின் வெறும் மரச்சட்டத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"காலையில நீ கடைக்குப் போனப்போ, பாப்பாகிட்ட இன்னிக்கு மனசுவிட்டுப் பேசிடணும்னு சொல்லிக்கினே இருந்தாரு. பேசினாராடி?"

கைனாத் பாயில் கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பேசினாரும்மா."

"இன்னா சொன்னாரு?"

"போர்டு நல்லா இருக்குன்னாரு."

ஜஹீரா ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். காலையில் அவர் வாயைத் திறந்தார். கைனாத்தான் நாலு ஸ்லாட் போர்டைக் கொண்டுவந்து அதை அடைத்தாள். சின்ன போர்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பொறுக்கிய ஸ்க்ரூக்களைப் போர்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டாள்.

கேபினெட்டை ஓரமாக நகர்த்தியபோது, மானிட்டருக்குப் பின்னால் மடித்துச் செருகிய காகிதம் விரலில் பட்டது. போன வார விலைத்தாள். அதை யாருக்கும் காட்டாமல் கையில் மூடிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெயில் சாய்ந்து, செம்பருத்தியின் நிழல் கேட்டைத் தாண்டிப் போயிருந்தது. அந்த நேரம் கபர்ஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். உள்ளே இறக்கிய பிறகு ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பார்த்ததில்லை.

செம்பருத்திக்கு அடியில் உட்கார்ந்து, காலையிலிருந்து இடுப்பிலேயே செருகியிருந்த ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி மண்ணைத் தளர்த்தினாள். மற்ற வெள்ளிக்கிழமைகளில் தோண்டுவதைவிட ஆழமாகத் தோண்டினாள். காகிதத்தைப் பிரிக்காமல் உள்ளே வைத்தாள். ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள். இரண்டாவது பிடி போட்டாள். மூன்றாவது பிடியை அள்ளிக் கையில் வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, அதையும் போட்டாள்.

உள்ளேயிருந்து யாரோ, கைனாத் எங்கே என்று கேட்டார்கள். "இங்கதான்" என்று எழுந்து, கேட்டுக்குப் பக்கத்துக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. மோட்டார் போட வேண்டும். கையைத் திருப்பிப் பார்த்தாள். பத்து நகத்திலும் மண் ஏறியிருந்தது.